முதல் அடுப்புக்கு ஒரு லைட்

எங்கள் வீட்டுக்கும் பெயிண்டர் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் நாங்கள் மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டும். அதனால் அந்த வீட்டுச் சமாசாரமெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதற்கு அவசியமே ஏற்பட்டதில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒரு வாரம் முழுக்க அந்த வீட்டில் லைட்டைத் தவிர வேறு பேச்சே இல்லை. வீட்டு லைட் இல்லை, சைக்கிளுக்கு முன்னால் மாட்டுகிற லைட். சார்ஜ் போட்டால் எரியுமே, அது. இதெல்லாம் ஒரு விஷயமா என்று என் வீட்டுக்காரர்கூடக் கேட்டார். அவருக்கென்ன, பகலில் போய்ப் பகலில் வருகிற உத்தியோகம்.

பக்கத்து வீட்டுக்காரியை அப்போதெல்லாம் 'பெயிண்டர் சம்சாரம்' என்றுதான் தெருவில் சொல்வார்கள். இப்போது அவரைத்தான் 'அடுப்பக்கா வீட்டுக்காரர்' என்கிறார்கள். அதனால் நானும் அடுப்பக்கா என்றே சொல்லிவிடுகிறேன். அவள் ரொட்டிக் கம்பெனியில் தட்டு கழுவச் சேர்ந்தவள். பிறகு டின்னுக்கு எண்ணெய் தடவினாள், பிறகு சூடான டின்களைத் தட்டிக் கவிழ்த்தாள். ரொட்டி வெந்ததா என்று எட்ட நின்றே மூக்கால் சொல்லிவிடுவாள். முதல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் முழங்கால் வலியால் நின்றுவிட்டபோது, மேனேஜர் வேறு யாரையும் யோசிக்காமல் இவளைக் கூப்பிட்டு, அடுப்பு இனி உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.

முதல் அடுப்பு என்றால் லேசுப்பட்ட காரியமில்லை. ராத்திரி ஆட்கள் மாவைப் பிசைந்து டின்களில் போட்டு வைத்துவிட்டுப் போவார்கள். அது மெல்லப் பொங்கி, விடிவதற்கு முன் டின்னின் விளிம்புக்கு வந்து நிற்கும். அந்த நேரத்தில் அது அடுப்புக்குள் போயாக வேண்டும். முந்தினால் ரொட்டி கல், பிந்தினால் நடு மண்டை அமுங்கிப் பள்ளமாகிவிடும். ஆகவே ஊர் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிற நேரத்தில் அவள் அங்கே கோட்டு மாட்டி நிற்க வேண்டும். கம்பெனி வேன் பகல் ஷிஃப்டுக்கு மட்டும்தான் வரும். மெயின் ரோட்டில் போனால் பாலத்தைச் சுற்றிக்கொண்டு ரெட்டைத் தூரம், லாரிகள் வேறு. மிச்சம் இருப்பது கால்வாய்க்கரைப் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் குடோன்களின் பின்சுவர். பேருக்குக்கூட ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. சரக்கு வண்டிகள் பாதையைக் கடித்துத் துப்பி வைத்திருந்தன. மழை வந்தால் பள்ளத்தில் தண்ணீர் நின்று எது பாதை, எது குழி என்று பகலிலேயே தெரியாது.

வேலையை ஏற்றுக்கொண்ட இரண்டாம் நாளே விழுந்துவிட்டாள். அவளுடைய சைக்கிளில் இருந்தது பழைய டைனமோ லைட். மிதித்தால்தான் எரியும். முன்னால் குழி இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாகக் கண்ணை மூடிக்கொள்ளும். வெளிச்சம் எப்போது வேண்டுமோ அப்போது இருக்காது. பம்ப்ஹவுஸுக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய குழியில் சக்கரம் இறங்கி, அவள் கைப்பிடிக்கு மேலாகப் போய் விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாவு பொங்கி, களைத்து, அமுங்கிக் கிடந்தது. அத்தனையும் ரஸ்க் தூளுக்குப் போயிற்று.

மேனேஜர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவள் சொன்னாள். "கை சரியாகட்டும், இந்த வாரம் பகல்ல வாங்க. திங்கட்கிழமையிலிருந்து அடுப்புக்கு நேரத்துக்கு வந்துடுங்க. முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்கம்மா, கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஆளைப் போட்டுக்கறேன்" என்றாராம்.

வீட்டில் பெயிண்டர் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை நீ விழுந்தேன்னு வெச்சுக்கோ, அதோட சரி. அடுப்பும் வேண்டாம், கிடுப்பும் வேண்டாம்."

"நான் எங்கங்க விழுந்தேன்? லைட்டு கண்ணை மூடிக்கிச்சு. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"பழைய வேலைக்கே போயேன். பகல்ல போ, பகல்ல வா. யார் வேண்டாம்னது?"

"தட்டு கழுவிக் கழுவி விரல் ரேகையே அழிஞ்சு போச்சு. ஃபோன்ல விரலை வெச்சா, யார் நீன்னு அது என்னையே கேக்குது. திரும்ப அங்கயே போய் நிக்கச் சொல்றீங்களா?"

அவருக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும், பாத்திரம் பேச ஆரம்பிக்கும். ஒரு டம்ளர் உருண்ட சத்தம் கேட்டது. அப்போது நடுவில் புகுந்தது அவருடைய தங்கச்சி. செல்போன் கடையில் வேலை பார்க்கிற பெண். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் மனசு சுத்தம்.

"அண்ணா, இதுக்குப் போய் ஏன் வீட்டை ரெண்டாக்கறீங்க? இப்பல்லாம் சார்ஜ் லைட் வந்தாச்சு. ஓட்டினாலும் எரியும், நின்னாலும் எரியும். ஒண்ணு வாங்கி மாட்டிட்டா அண்ணி பாட்டுக்குப் போயிட்டு வரப் போறாங்க."

"வாங்கலாம்" என்றார் பெயிண்டர். "ஆனா நான்தான் பாத்து வாங்குவேன். வெளிச்சத்தைப் பத்தி எனக்குத் தெரியாதா? பொழுதன்னைக்கும் பல்பைக் கையில பிடிச்சுக்கிட்டுதானே வேலை செய்யறேன்."

அதுவும் நிஜம்தான். பெயிண்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கப் பட்டி பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் கை வைத்த சுவரில் ஈ உட்கார்ந்தால் வழுக்கும்.

எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்காரருக்கு 'அஞ்சு நிமிஷம்' என்று பெயர். காலையில் பஞ்சருக்கு விட்ட சைக்கிளை மறுநாள் போய்க் கேட்டாலும் அவர் அதைத்தான் சொல்வார். அன்றைக்கு என் சைக்கிளும் அங்கேதான் அஞ்சு நிமிஷத்தில் இருந்தது. அதனால் அவர்கள் மூன்று பேரும் லைட் பார்க்க வந்தபோது நானும் நின்றுகொண்டிருந்தேன்.

கடைக்காரர் அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து மேஜையில் பரப்பினார். பெயிண்டர் ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். ஒவ்வொரு லைட்டாக எடுத்து, கடையின் பின்சுவரைப் பார்த்து நேராக அடித்தார். பெண் பார்க்க வந்த மாமனார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"இது என்னங்க, சோகை பிடிச்ச வெளிச்சமா இருக்கு? அடுத்தது எடுங்க."

தங்கச்சி அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். "அண்ணா, பேட்டரி எவ்வளவுன்னு அட்டையில போட்டிருக்கறதை அப்படியே நம்பிடாதீங்க. எங்க கடைக்கு வர்ற பவர் பேங்க்ல பாதி இப்படித்தான். எழுதறதுக்கு மை மட்டும்தானே செலவு. எவ்வளவு நேரம் எரியுதுன்னு எரிய விட்டுத்தான் பாக்கணும்."

"என் கடைச் சரக்கு அப்படிக் கிடையாதும்மா" என்றார் அஞ்சு நிமிஷம்.

"உங்களைச் சொல்லலைண்ணே. அட்டையைச் சொல்றேன்."

அடுப்பக்கா வேறு மாதிரி பார்த்தாள். சுவரை அவள் பார்க்கவே இல்லை. கட்டுப்போட்ட கையால் ஒவ்வொன்றின் பட்டனையும் தடவினாள். "மழைக்கு ரப்பர் கிளவுஸ் போட்டிருப்பேன். அதோட அமுக்கினா வேலை செய்யுமா? தண்ணி உள்ள போகாதே? சட்டுன்னு கழட்டி எடுத்துட்டுப் போகணும். எங்க கம்பெனி ஸ்டாண்டுல சைக்கிள் பெல்லையே விட்டு வைக்க மாட்டாங்க." கடைசியில் குட்டையாக ஒரு லைட்டை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். பட்டன் பெரிதாக, மேடாக இருந்தது. பெயிண்டர் அதை வாங்கிச் சுவரில் அடித்துப் பார்த்தார். வெளிச்சம் கீழே அகலமாக விழுந்தது. மேல் பக்கத்தில் மட்டும் கத்தியால் அறுத்த மாதிரி நேர்கோட்டில் நின்றுவிட்டது.

"இது பாதி லைட்டுங்க. மேல்பாதியைக் காணோம். டேமேஜ் பீஸா?"

"டேமேஜ் இல்லீங்க. அது அப்படித்தான் வரும். எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்கக் கூடாதுன்னு செஞ்சிருக்கான்."

"எதிர்ல வர்றவனுக்காகவா நான் லைட்டு வாங்க வந்தேன்?"

பிறகு அவர் பெரிய ஒன்றை எடுத்து அமுக்கினார். சுவர் மறைந்து வெறும் வெள்ளையாகிவிட்டது. நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம். மாட்டியிருந்த டியூபுகளின் நிழல் கூரைவரை போயிற்று. "இதுதான்" என்றார் பெயிண்டர். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "இதை மாட்டிட்டா ராத்திரியே வெளிய வராது."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த குட்டை லைட்டைப் பார்த்தாள், அதை மேஜையில் வைத்துவிட்டாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. மாட்டிக்கொண்டு போகப்போகிறவள் அவள், தேர்ந்தெடுப்பவர் அவரா? ஆனால் புருஷன் ஆசையாக எடுத்துத் தருகிற பொருளை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அஞ்சு நிமிஷம் அதைக் கைப்பிடியின் நடுவில், கூடைக்கு மேலே, கம்பீரமாக மாட்டிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் ஒத்திகைக்குக் கிளம்பினாள். மழை விட்டிருந்தது. நான் பால் காய்ச்ச எழுந்தவள், அந்த வெளிச்சம் எங்கள் ஜன்னல் வழியாக வந்து சமையலறைச் சுவரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனதைப் பார்த்தேன். எதிர் வீட்டு நாய் குரைத்தது. டீ குடித்து முடிப்பதற்குள் அவள் திரும்பி வந்துவிட்டாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள், லைட் அணைந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு ஆரம்பமாயிற்று.

"என்ன ஆச்சு? விழுந்துட்டியா?"

"விழலைங்க. விழப் பாத்தேன். ரோடு முழுக்க வெள்ளைவெளேர்னு விரிச்ச துணி மாதிரி இருக்கு. மேடும் தெரியல, பள்ளமும் தெரியல. எல்லாம் ஒரே மட்டமாத் தெரியுது, சக்கரம் மட்டும் தொபுக்குன்னு இறங்குது. எதிர்ல பால்காரர் வந்தார். கண்ணு கூசி, கேனோட புதருக்குள்ள போயிட்டார் மனுஷன். என்ன திட்டுத் திட்டினார் தெரியுமா? அவர் திட்டினதுல தப்பே இல்லை. பம்ப்ஹவுஸ் வர்றதுக்குள்ள லைட்டு கொதிக்க ஆரம்பிச்சுச்சு. அதுவா மங்குச்சு, அப்புறம் அதுவா அணைஞ்சுபோச்சு."

"சரி. அப்ப முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது?"

"இருக்கறதுலயே பெரிய லைட்டு வாங்கி மாட்டியாச்சு. அதுக்கு மேல என்ன பண்ண முடியும்? மேனேஜர்கிட்ட சொல்லிடு."

"சொல்ல மாட்டேன்."

"ஏம்மா, பிடிவாதம் பிடிக்காத."

"பிடிவாதம்தான். இவ்வளவு வருஷமா இன்னொருத்தர் அடுப்புக்குத் தட்டு தூக்கிக் குடுத்தேன். என்னை நம்பிக் குடுத்திருக்காங்க. அந்த அடுப்பு எனக்கு வேணுங்க. ஆசைப்பட்டு வாயைத் திறந்து நான் கேக்கற முதல் விஷயம் இது."

அப்புறம் பெயிண்டரின் குரல் வந்தது. அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"நீ அன்னிக்கு விழுந்து கிடந்த நேரத்துல நான் இங்க குறட்டை விட்டுத் தூங்கிட்டிருந்தேன். தண்ணிப் பக்கமா விழுந்திருந்தா? விடிஞ்சு யாராவது வந்து சொன்னாத்தான் எனக்குத் தெரியும். அதை நினைச்சா சுவத்துல கரண்டி நேரா நிக்க மாட்டேங்குது. பட்டி இழுக்க முடியல. புரியுதா உனக்கு?"

"புரியுது" என்றாள் அவள். "அதுக்காக நான் போகாம இருக்க முடியாது. நல்லதா ஒரு லைட்டு வேணும், அவ்வளவுதான்."

சனிக்கிழமை பெயிண்டர் எங்கள் வீட்டில் வேலைக்கு வந்தார். மழையில் உரிந்துபோன எங்கள் முன்னறைச் சுவருக்குப் பட்டி பார்த்துத் தருவதாக ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். வீட்டில் இருக்கப் பிடிக்காமல்தான் அன்றைக்கு வந்தார் என்று எனக்குத் தெரியும். முதல் பூச்சுக் காய்ந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு, நீள வயரில் ஒரு பல்பை எரியவிட்டு, அதைச் சுவரோடு சுவராகப் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்தார். நான் அப்படியே நின்றுவிட்டேன். அதுவரை கண்ணாடி மாதிரி இருந்த சுவரில் மேடும் பள்ளமுமாக ஒரு மலைநாடே எழுந்து வந்தது. கரண்டி இழுத்த தடம், மணல் பொடி, எல்லாவற்றுக்கும் ஒரு நிழல். நிழல் இருந்த இடத்திலெல்லாம் அவர் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே போனார்.

அடுப்பக்கா அவருக்கு டீயும் ரொட்டியும் கொண்டுவந்தாள். பேச்சுவார்த்தை இன்னும் சரியாகவில்லை. டீயை முக்காலியில் வைத்துவிட்டுத் திரும்பியவள் சுவரைப் பார்த்தாள். அப்புறம் நகரவில்லை.

"என்னங்க, இதை ஏன் இப்படிச் சாய்ச்சுப் பிடிக்கிறீங்க?"

"பின்ன எப்படிப் பிடிக்கிறது? பக்கத்துலேர்ந்து அடிச்சாத்தானே பள்ளம் தெரியும்."

"நேரா அடிச்சா?"

"நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது. எதுத்தாப்புல அடிக்கிற வெளிச்சம் இருக்கே, அது எல்லாத்தையும் மூடி மறைச்சிடும். வெளிச்சம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு மறைக்கும். நேத்து சேந்த எடுபிடிப் பையனுக்குக்கூட இது..."

அதோடு நிறுத்திவிட்டார். பல்பு கையில் எரிந்துகொண்டே இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரித்துவிடுவேனோ என்று பயம்.

"அப்ப அன்னிக்குக் கடையில எல்லா லைட்டையும் சுவத்துல நேரா அடிச்சுப் பாத்தீங்களே, அது எதுக்கு?" என்று அவள் ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

பெயிண்டர் பல்பை மெல்லக் கீழே இறக்கினார். "அன்னிக்கு நான் பெயிண்டராவா போனேன்?" என்றார். "புருஷனா போனேன். புத்தி வேலை செய்யல."

அவள் சிரித்துவிட்டாள். எனக்கும் தாங்கவில்லை. அவரும் சிரிக்க ஆரம்பித்தார், பட்டித் தூள் கண்ணில் விழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டே சிரித்தார். என் சுவர் அன்றைக்கு அப்படியே நின்றுபோயிற்று. பென்சில் வட்டங்களோடு அது இன்னும் ஒரு மாதம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உடனே கடைக்குப் போனார்கள். பெரிய லைட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ள அஞ்சு நிமிஷம் முனகினார். "மாட்டிக் கழட்டினதை எப்படிங்க எடுக்கறது?" என்று அவர் கேட்டதற்கு, "உங்க கடைச் சுவத்துக்கு நான் பட்டி பாத்துத் தர்றேன்யா, முகத்தைச் சுளிக்காதீங்க" என்றார் பெயிண்டர். பட்டன் மேடாக இருந்த அந்தக் குட்டை லைட் மறுபடியும் அடுப்பக்கா கைக்கு வந்தது. இந்த முறை சுவரில் யாரும் அடித்துப் பார்க்கவில்லை.

"இதைக் கைப்பிடியில மாட்டாதீங்க" என்றார் பெயிண்டர். "கீழ வரணும். தரைக்குப் பக்கத்துல."

"முன்சக்கரத்து ஃபோர்க்குல மாட்டலாம், கூடைக்குக் கீழ. ஆனா அதுக்கு ஒரு இரும்புப் பட்டை வளைக்கணும். அஞ்சு நிமிஷம்."

"இருக்கேன்" என்று பெயிண்டர் அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் கடை வரலாற்றிலேயே அஞ்சு நிமிஷ வேலை அஞ்சு நிமிஷத்தில் முடிந்தது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியின் முறை. காலையில் வெளிச்சத்தை நடுத்தரமாக வைத்து லைட்டை எரிய விட்டு ஜன்னலோரம் வைத்தாள். நாங்கள் சமைத்தோம், சாப்பிட்டோம், துணி துவைத்துக் காயப் போட்டோம், அது எரிந்துகொண்டே இருந்தது. பக்கெட் தண்ணீரை எடுத்து அதன் தலையில் ஊற்றினாள். அப்போதும் எரிந்தது. மதியம் சாய்ந்த பிறகுதான் மங்கியது. "போக, வர, இன்னொரு தடவை போக, வர. தாங்கும் அண்ணி" என்று சொல்லிவிட்டு சார்ஜில் போட்டாள். "தினமும் வந்ததும் சொருகிடணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டீங்க, நடு ரோட்டுல அது உங்களைப் பாத்துக்கும்."

இருட்டியதும் எங்கள் சந்தில் சோதனை. பெயிண்டர் ஓட்டுத்துண்டு, கரண்டி, பழைய செருப்பு, ஒரு உருளைக்கிழங்கு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தரையில் பரப்பி வைத்தார். வீட்டு விளக்குகளை எல்லோரும் அணைத்தோம். சந்து முனையில் அடுப்பக்கா லைட்டைப் போட்டாள். அம்மாடி! தரையில் கிடந்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு முழ நிழல். உருளைக்கிழங்கு ஒரு பாறாங்கல் கணக்காக நின்றது. சாக்கடை மூடியின் விளிம்பு, நாங்கள் இத்தனை வருஷம் நடந்தும் அறியாத ஒரு சின்னப் பள்ளம், எல்லாம் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தன. அவள் மிதித்துக்கொண்டு வந்தாள். உருளைக்கிழங்குக்கு இடப்பக்கம், கரண்டிக்கு வலப்பக்கம், செருப்பைச் சுற்றி. நான் எதிரே நின்று பார்த்தேன், கண் கூசவில்லை. பெயிண்டர் மண்டியிட்டு லைட்டை ஒரு நூல் அளவு கீழே சாய்த்தார். பிறகு இன்னும் ஒரு நூல். பிறகு மேலே. கடைசியில் அவள், "போதுங்க, அது இடுப்பு வலின்னு அழப் போகுது" என்றதும்தான் விட்டார்.

"நாளைக்கு நான் கூட வர்றேன்" என்றார் எழுந்து.

"வேண்டாம்."

"முதல் நாள் மட்டும்."

"முதல் நாள் வந்தா மறுநாளும் வருவீங்க. உங்களுக்கும் பகல் முழுக்க சாரத்துல வேலை. தூக்கக் கலக்கத்துல ஏறி நின்னா அது எனக்குப் பயமா இருக்காதா? நான் தனியாப் போய்க்கறேன். போக முடியும்."

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை. அவளும் நம்பியிருக்கக் கூடாது, ஆனால் அவள் மனசெல்லாம் அடுப்பில் இருந்தது.

திங்கட்கிழமை நடந்ததை மத்தியானம் குழாயடியில் அவள் வாயாலேயே கேட்டேன். குடம் நிரம்பி வழிந்தது, நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை.

லேசான தூறல். கால்வாய்க்கரையில் ஏறியதும் அவளுக்குப் பயம் போய்விட்டதாம். பாதை அவளுக்கு முன்னால் தன்னை விரித்துக் காட்டிக்கொண்டே போனதாம். சரக்கு வண்டித் தடம், கல், தண்ணீர் நிற்கிற இடம், எல்லாம் வருவதற்கு முன்பே தெரிந்தன. எதிரே பால்காரர் வந்தார். அவளை அடையாளம் கண்டு, முன்ஜாக்கிரதையாகக் கையால் கண்ணைப் பொத்தினார். பிறகு கையை எடுத்துவிட்டு, "ஆங், இது லைட்டு!" என்று சொல்லிக்கொண்டே போனார். பம்ப்ஹவுஸ் வந்தது. பெரிய குழி, வாயைத் திறந்துகொண்டு, கறுப்பு விளிம்போடு தூரத்திலேயே தெரிந்தது. சுவர் பக்கமாக ஒதுங்கி, மிதிப்பதை நிறுத்தாமல் அதைத் தாண்டினாள். "அக்கா, அந்த நிமிஷம் எனக்கு வாய்விட்டுப் பாடணும்போல இருந்துச்சு" என்றாள்.

பாடுவதற்குள் பின்னால் தொபீர் என்று ஒரு சத்தம். தகரம் உருளுகிற சத்தம். அதோடு கூட, அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரலில் ஒரு "ஐயோ!"

திரும்பிப் போய் லைட்டைக் கழற்றிக் கையில் பிடித்துப் பார்த்தாள். குழிக்குள் இடுப்பளவு தண்ணீரில் பெயிண்டர் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் அவர் மேல் படுத்திருந்தது. அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று, லைட் இல்லாமல், சத்தம் காட்டாமல், வீட்டிலிருந்தே பின்னால் வந்திருக்கிறார்.

"என்னங்க இது?"

"ஒண்ணும் இல்ல. சும்மாத்தான்."

"சும்மாவா குழிக்குள்ள உக்காந்திருக்கீங்க?"

அவள் இறங்கி அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள். முட்டியை மடக்கச் சொன்னாள், நீட்டச் சொன்னாள், தலையைத் தடவிப் பார்த்தாள். எலும்பெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. முன்சக்கரம்தான் எட்டாக வளைந்திருந்தது. பயமும் சிரிப்பும் ஒன்றாக வந்து அவளுக்கு அழுகையே வந்துவிட்டதாம். இந்த மனுஷனை இப்படி ஈரத்தோடு விட்டுவிட்டு எப்படிப் போவது என்று நின்றாள். அங்கே டின்களில் மாவு விளிம்புக்கு வந்துகொண்டிருக்கும்.

பெயிண்டர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"உனக்கு இந்தக் குழி தெரிஞ்சுதா?"

"அங்கேர்ந்தே தெரிஞ்சுது."

"எனக்குக் கடைசிவரைக்கும் தெரியல" என்றார் அவர். சேற்றை வழித்து உதறினார். "என்ன பாத்துக்கிட்டு நிக்கறே? கிளம்பு. நான் வெளிச்சம் வந்ததும் மெதுவாத் தள்ளிக்கிட்டுப் போயிடுவேன். போம்மா, மாவு பொங்கியிருக்கும்."

"நாளைக்கும் பின்னாடி வருவீங்களா?"

"வந்தா சக்கரத்துக்கு யார் அழறது? போ."

அவள் லைட்டை ஃபோர்க்கில் சொருகிக்கொண்டு கிளம்பினாள். இந்த முறை விரட்டி மிதித்தாள். கம்பெனிக்குள் நுழைந்து, கைகால் கழுவி, கோட்டை மாட்டிக்கொண்டு துணியை விலக்கிப் பார்த்தால், மாவு டின்னின் விளிம்புக்கு வந்து அப்போதுதான் நின்றிருந்தது. அடுப்புக் கதவைத் திறந்தாள். சூடு முகத்தில் அடித்தது. அந்நேரம் பார்த்து மேனேஜர் கையில் டீயோடு வந்து, கோட்டுக்குக் கீழே சேறாக இருந்த அவள் புடவையைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, மறுபடியும் விழுந்துட்டீங்களா?"

"நான் விழலை சார்" என்றாள் அடுப்பக்கா, முதல் தட்டை உள்ளே தள்ளிக்கொண்டே. "எனக்குக் காவலுக்கு வந்தவர்தான் விழுந்துட்டார்."